தருமத்துக்கு எழுதிய உறுதி

பேனை கௌசலாவின் கைக்கு வந்துவிட்டது. சவப்பெட்டி, பூ, வாகனம், வியாழக்கிழமைக்கு மண்டபம் என்று எல்லாம் பேசி முடித்த மலர்ச்சாலைக்காரர், படிவத்தைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தி, அடியிலிருந்த கோட்டை விரலால் தொட்டுக் காட்டினார். அவள் பேனையின் மூடியைக் கழற்றிய நேரம் பார்த்துத்தான் யோகராசா தன் உள்ளங்கையைப் படிவத்தின்மேல் வைத்தார்.

"கொஞ்சம் பொறு பிள்ளை" என்றார். பிறகு மலர்ச்சாலைக்காரரிடம் திரும்பி, ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாக, இவளும் இறந்தவரும் சட்டப்படி கலியாணம் செய்யவில்லை, அவரின் சொந்த அண்ணன் நான்தான் என்றார்.

கௌசலாவுக்கு ஆங்கிலம் விளங்கும். விளங்காவிட்டாலும் மலர்ச்சாலைக்காரரின் முகம் போன போக்கிலேயே விளங்கியிருக்கும். வெள்ளை மீசை வைத்த மனிதர். அதுவரைக்கும் 'மதாம்', 'மதாம்' என்று அவளிடம்தான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது அவளுடைய கழுத்தைப் பார்த்தார், அவளுடைய கையிலிருந்த பேனையைப் பார்த்தார், கடைசியில் மேசையைப் பார்த்துக்கொண்டு, மரணசாசனம் ஏதாவது எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்டார்.

"இல்லை" என்றார் யோகராசா.

"இருக்கு" என்றாள் கௌசலா.

அப்படியானால் அதில் பெயருள்ளவர் கையெழுத்து வைக்கலாம், இல்லாவிட்டால் உடன்பிறந்தவர்கள்தான் வைக்கவேண்டும், நாளை மாலைவரை பொறுக்கிறேன் என்று சொல்லிவிட்டு, மலர்ச்சாலைக்காரர் படிவத்தை யோகராசாவின் கைக்கடியிலிருந்து மெதுவாக உருவி எடுத்துக்கொண்டார்.

முதல்நாள், திங்கட்கிழமை மத்தியானம், ஞானேந்திரனின் உயிர் வீட்டில் பிரிந்தது. எட்டு மாதம் ஈரலில் புற்றோடு கிடந்த மனிதர். கௌசலா அப்போது அவருக்குக் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்திலிருந்து, ஆட்கள் போனபிறகு தனியாக இருந்து அழவேண்டும் என்று அழுகையை ஒதுக்கி வைத்திருந்தாள். வாகனத்தில் திரும்பி வரும்போது தேடிப்பார்த்தாள், அது இல்லை. அந்த இடத்தில் கோபம் வந்து சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தது.

"தம்பியை ஸ்காபரோவுக்குக் கொண்டுபோறம். அங்கதானே எங்கட சனம்" என்றார் யோகராசா, ஓட்டிக்கொண்டே. "இஞ்ச மொன்றியலில ஆர் இருக்கினம்? நாலு குசினிக்காரர்."

அந்த நாலு குசினிக்காரரும் யாரென்று கௌசலாவுக்குத் தெரியும். டவுன்டவுன் உணவகமொன்றின் குசினியில் ஞானேந்திரன் பதினாறு வருடம் நின்றார். அவர் படுக்கையில் விழுந்தபிறகு, அவள் தையல் தொழிற்சாலைக்குப் போகும் நாட்களில், வேலை தொடங்குமுன் முறை வைத்து வந்து அவரை மலசலகூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனவர்கள் அவர்கள். 'எங்கட சனம்' எட்டு மாதத்தில் இரண்டு தடவை தொலைபேசி எடுத்தது.

பின்னிருக்கையில் பக்கத்தில் ஞானேந்திரனின் தமக்கை சிவநேசம் இருந்தாள். யோகராசாவோடு ஸ்காபரோவிலிருந்து வந்தவள், கணவனை இழந்து இருபது வருடமானவள். வழி நெடுக யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

கலியாணம் பதியப்படவில்லை என்பது உண்மைதான். அதைச் சொல்வதற்கு உலகத்தில் உரிமையில்லாத ஒரே ஆள் யோகராசா என்பதும் உண்மை. தொண்ணூற்றைந்தில், வாடகை மண்டபத்தில் ஐயர் வைத்துத் தாலி கட்டிய அன்று, தம்பியை ஓரமாகக் கூட்டிக்கொண்டுபோய் அவர்தான் சொன்னார்: "அவளின்ர அகதி கேஸ் இன்னும் முடியேல்லை. இப்ப பதிஞ்சால் உனக்கும் சிக்கல். முடியட்டும், பேந்து பதியலாம்." கேஸ் நாலு வருடத்தில் முடிந்தது. பேந்து என்கிற அந்த நாள்தான் வரவில்லை. கௌசலா கேட்டபோதெல்லாம் ஞானேந்திரன் சிரித்தார். "இனி என்ன பதிவு? ஊருக்கே தெரியும் நீ என்ர மனிசி எண்டு."

ஊருக்குத் தெரிந்தது மலர்ச்சாலைக்குத் தெரியாமல் போய்விட்டது. குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். இங்கே குழியைப் பன்னிரண்டு வருடம் முன்பே பறித்துவிட்டுத்தான் காத்திருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றுமுன்பே யோகராசா சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். நாலாக மடித்திருந்தது. காலையில் தபால்பெட்டியிலிருந்து எடுத்து உடைத்திருக்கிறார்.

"இதுக்கு என்ன சொல்லுறாய்?"

பார்க் எக்ஸ்டென்ஷனில் அவர்களுடைய மேல்வீட்டுக்கு வந்து நோயாளியைப் பார்த்துப்போன தாதிமார் ஒரு தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். கடிதத்தின் தலையில் அந்த நிறுவனத்தின் அடையாளம், ஒன்றையொன்று பிடித்த இரண்டு கைகள், இருந்தது. உள்ளே முழுவதும் பிரெஞ்சு.

"தெஸ்தமான் எண்டு போட்டுக்கிடக்கு. அதெண்டால் மரணசாசனம். எனக்குப் பிரெஞ்சு தெரியாதெண்டு நினையாதை" என்றார் யோகராசா. "நன்றி, நன்றி எண்டு நாலு இடத்தில இருக்கு. சும்மா ஆரும் இவ்வளவு நன்றி சொல்லுவினமோ? வீட்டைத் தருமத்துக்கு எழுதிக் குடுத்திட்டான். ஏலாமல் கிடந்த மனிசனிட்டை எழுதி வாங்கியிருக்கினம். கீழ்வீட்டு வேதக்காரி பிரெஞ்சு கதைக்கிறவள்தானே, அவளும் உடந்தை."

கீழ்வீட்டு வேதக்காரி என்றது றோஸ்மேரியை. மட்டக்களப்புக் கிறிஸ்தவப் பெண். கோட்-டெ-நெய்ஜில் ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்கிறவள். அவள் செய்த ஒரே குற்றம், ஒரு புதன்கிழமை கௌசலா வேலையில் நின்ற நேரம் சாசனம் எழுத வந்த நொத்தாரிசு அம்மாவுக்குக் கதவு திறந்து, தேத்தண்ணி போட்டுக் கொடுத்ததுதான்.

விஷயம் சின்னது. ஒவ்வொரு நவம்பரிலும் சில நொத்தாரிசுகள் அந்தத் தொண்டு நிறுவனத்துக்காக மரணசாசனம் எழுதுவார்கள். எழுதுகூலி கிடையாது. அதற்குப் பதிலாக நிறுவனத்துக்கு ஒரு நன்கொடை கொடுத்தால் போதும். தாதி அந்தத் துண்டுப்பிரசுரத்தைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

ஞானேந்திரன் வீட்டுக்குள் காகிதத் துவாயையும் இரண்டாகக் கிழித்துப் பாவிக்கிற மனிதர். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார். வெளியே போனால் அளவுகோல் தொலைந்துவிடும். பார்க் மெத்ரோ நிலைய வாசலில் கையேந்துகிற எவரையும் வெறுங்கையோடு விட்டதில்லை. நொத்தாரிசிடம் போவோம் என்று கௌசலா முன்பு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். "உவைக்குக் குடுக்கிற காசுக்கு நான் ஒரு கிழமை வெங்காயம் உரிக்கவேணும்" என்று தட்டிக்கழித்தவர், இந்தத் துண்டுப்பிரசுரத்தைக் கண்டதும் தானாகவே தொலைபேசி எடுத்தார்.

அன்று மாலை வேலையால் வந்து அவள் கேட்டாள். "என்ன எழுதினனீங்கள்?"

"எழுதவேண்டியதை எழுதினன். காசு நொத்தாரிசின்ர பொக்கற்றுக்கில்லை, புண்ணியத்துக்குப் போகுது" என்று சிரித்தார். சிரித்த களைப்பில் கண்ணை மூடிக்கொண்டார். அதன்பிறகு அவள் கேட்கவில்லை. சாகப்போகிற மனிதனிடம் எனக்கு என்ன எழுதினாய் என்று இரண்டாந்தரம் கேட்க யாருக்கு வாய் வரும்?

இப்போது யோகராசா கடிதத்தை ஆட்டிக்கொண்டு நின்றபோது, அவளால் இல்லையென்று அடித்துச் சொல்லமுடியவில்லை. தருமத்துக்கு எழுதினாரோ, அண்ணனுக்கே எழுதினாரோ, ஆருக்குத் தெரியும்? 'இருக்கு' என்று மலர்ச்சாலையில் வீம்புக்குச் சொல்லியாயிற்று. அந்தச் சாசனத்துக்குள்ளும் தான் இல்லையென்றால், நாளைக்கு அவர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு ஸ்காபரோவுக்குப் போகும்போது வாசலில் நின்று கையாட்டவேண்டியதுதான்.

"நாளைக்குப் போய்க் கேக்கிறன்" என்றாள்.

"கேள். கேட்டுப்போட்டு வந்து எங்களுக்கும் சொல்" என்றார் யோகராசா. கடிதத்தைத் திரும்பவும் மடித்துத் தன் பையிலேயே வைத்துக்கொண்டார்.

நொத்தாரிசு அம்மாவின் அலுவலகம் ஜோன்-தலோன் வீதியில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. புதன்கிழமை காலை றோஸ்மேரி வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் கூட வந்தாள். அறுபதை எட்டுகிற நொத்தாரிசு அம்மா எழுந்து வந்து கௌசலாவின் கையை இரண்டு கையாலும் பிடித்து, வருத்தம் சொல்லி, கதிரையில் இருத்தினாள். சாசனக் கோப்பை எடுத்தாள். ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை மெதுவாக வாசித்தாள்.

வீடும் வீட்டிலுள்ளதும் வங்கியில் உள்ளதும் கௌசலாவுக்கு. சாசனத்தை நிறைவேற்றும் பொறுப்பும் கௌசலாவுக்கு. வேறொருவருக்கும் ஒன்றுமில்லை. செத்தவீடு மொன்றியலில்தான் நடக்கவேண்டும். குசினியில் நிற்கிறவர்கள் வந்துபோகத் தக்கதாகப் பின்னேரம் நாலு மணிக்கு முன்பே முடிந்துவிடவேண்டும்.

றோஸ்மேரி சிலுவை போட்டுக்கொண்டாள். நொத்தாரிசு அம்மா முத்திரை குத்திய பிரதியொன்றை உறையில் வைத்துக் கொடுத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். ஒரு விஷயம் சொல்லவேண்டும் என்றாள். கியூபெக் மாகாணத்தில் நொத்தாரிசுமாருக்குக் கலியாணம் செய்துவைக்கும் அதிகாரமும் இருக்கிறது. அன்றைக்கே நான் உங்கள் கணவரிடம் சொன்னேன், விரும்பினால் இன்னொரு நாள் வந்து உங்கள் இரண்டு பேரையும் பதிந்துவிடுகிறேன் என்று. இப்படியான நோயாளி என்றால் அறிவித்தல் போட்டுக் காத்திருக்கிற நாட்களைக்கூடத் தவிர்க்கலாம். பதினைந்து நிமிட வேலை.

"அவர் என்ன சொன்னவர்?" என்றாள் கௌசலா. தமிழில் கேட்டுவிட்டாள். றோஸ்மேரி பிரெஞ்சில் கேட்டுத் திருப்பிச் சொன்னாள்.

"அது பன்னிரண்டு வருசத்துக்கு முன்னம் முடிஞ்ச அலுவல் எண்டவராம். இப்ப போய்ப் பதிஞ்சால், அப்ப இவ்வளவு காலமும் எப்பிடி இருந்தனீ எண்டு சனம் உன்னைக் கேக்குமாம். அந்த வெட்கம் உனக்கு வேண்டாம் எண்டவராம்."

"என்னைக் கேக்குமாம்" என்றாள் கௌசலா.

கீழே பஸ் தரிப்பிடத்தில் காற்று காதை அறுத்தது. றோஸ்மேரி கையிலிருந்த பணிஸ் ரொட்டியில் பாதியைப் பிய்த்து நீட்டினாள். கௌசலா வாங்கவில்லை.

"எல்லாத்தையும் உனக்குத்தானே எழுதியிருக்கிறார்" என்றாள் றோஸ்மேரி. "இன்னும் ஏன் முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறாய்?"

"பதினைஞ்சு நிமிசம் றோஸ்மேரி. படுத்த படுக்கையிலயே ஒரு கையெழுத்து வைச்சிருக்கலாம். சனம் கேக்குமெண்டு பயந்தவர். நேற்றுக் கேக்கேல்லையோ சனம்? முன்பின் தெரியாத வெள்ளைக்காரனுக்கு முன்னால, பேனையைக் கையில வைச்சிருக்கேக்க கேட்டது. அவருக்கென்ன, பெட்டிக்குள்ள வடிவாய்ப் படுத்திருக்கிறார்."

"செத்த மனிசனைத் திட்டாதை."

"திட்டாமல்? நான் கேட்ட நேரமெல்லாம் நொத்தாரிசுக்குக் குடுக்கக் காசில்லை எண்டவர். தருமத்துக்கு எண்டவுடன எழுதினவர். ஆருக்கோ புண்ணியம் செய்யப் போனபடியால என்ர பங்கும் அதோட ஒட்டிக்கொண்டு வந்திருக்கு. எனக்கு உரிமையாய்த் தரவேண்டியதை மெத்ரோ வாசலில போடுற மாதிரிப் போட்டிட்டுப் போயிருக்கிறார்."

றோஸ்மேரி பணிஸை முழுவதும் தானே சாப்பிட்டு முடித்தாள். பஸ் வந்தது.

அன்று மாலை மலர்ச்சாலையில் யோகராசா பிரதியை மூன்று தடவை வாசித்தார். தருமம் என்று எங்காவது இருக்கிறதா என்று தேடினாரோ, தன் பெயரைத் தேடினாரோ, இரண்டும் இல்லை. கடைசியில் தாளை மேசையில் வைத்து, "அப்ப சரி, வியாழக்கிழமை இஞ்சையே நடக்கட்டும்" என்றார், தான் அனுமதி கொடுக்கிறவர்போல. மலர்ச்சாலைக்காரர் படிவத்தைக் கௌசலாவின் பக்கம் நகர்த்தினார். 'மதாம்' என்றார். அவள் கையெழுத்து வைத்தாள்.

"கொள்ளி அண்ணையே வைக்கட்டும்" என்றாள் வெளியே வரும்போது. பிள்ளை இல்லாத வீட்டில் அந்த உரிமை அண்ணனுடையது. அதை அவள் தட்டிப்பறிக்க நினைக்கவில்லை.

வியாழக்கிழமை இரண்டு மணிக்கெல்லாம் மண்டபம் நிறைந்துவிட்டது. ஸ்காபரோவிலிருந்து ஒரு வாகனம் வந்தது. மற்றதெல்லாம் இங்கத்தைய சனம். குசினிக்காரர்கள் நாலு பேர் இல்லை, பதினொரு பேர் வந்தார்கள். கோட்டுக்குள் வேலைக்குப் போடுகிற கட்டம் போட்ட காற்சட்டை தெரிய, சுவரோரமாக வரிசையில் நின்றார்கள். கோப்பை கழுவுகிற ஹெயிட்டிக்காரர் ஒருவர் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்று, அவர்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த ஏதோ ஒன்றை ஞானேந்திரனிடம் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

ஐயர் தேவாரம் முடித்தார். வாய்க்கரிசி போட்டாயிற்று. சிவநேசம் ஒரு தட்டத்தில் மஞ்சளும் பூவும் வைத்து எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். பின்னால் இரண்டு மூன்று பெண்கள் நெருங்கி வந்து நின்றார்கள்.

"வா பிள்ளை" என்றாள் சிவநேசம் தாழ்ந்த குரலில். "நேரமாகுது. தாலியைக் கழட்டி அவன்ர நெஞ்சில வைக்கவேணும்."

அவளுடைய கை கௌசலாவின் கழுத்துக்குப் பின்னால் கொடியின் கொக்கியைத் தேடிப் போனது. கௌசலா அந்தக் கையைப் பிடித்தாள். உதறவில்லை, பிடித்தாள்.

"வேண்டாம் மச்சாள்."

"என்ன வேண்டாம்? முறையல்லோ."

"செவ்வாய்க்கிழமை இந்தக் கட்டிடத்துக்குள்ளதான் நான் பெண்சாதி இல்லையெண்டு சொன்னவை. பெண்சாதியல்லாதவள் என்னத்துக்குத் தாலி கழட்டவேணும்?"

குரலை அவள் உயர்த்தவில்லை. ஆனாலும் முன்வரிசைக் கதிரைகள் வரைக்கும் கேட்டது. பெட்டியின் தலைமாட்டில் வேட்டியோடு நின்ற யோகராசா கிட்ட வந்தார்.

"பிள்ளை, சனம் பாக்குது. அது சட்டத்துக்குச் சொன்னது. இது முறை."

"ரெண்டுக்கும் ஒரே கழுத்துத்தான் அண்ணை."

யோகராசா வேட்டியை இறுக்கிக்கொண்டு தலைமாட்டுக்கே திரும்பிப் போனார். ஐயர் கையிலிருந்த பூவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெண்களில் ஒருத்தி, இதென்ன புதுக்கதை என்று முணுமுணுத்தாள்.

சிவநேசம் தட்டத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய கண் கௌசலாவின் கொடியில் இருந்தது.

"என்னை ஒருத்தரும் கேட்டுக் கழட்டேல்லை" என்றாள். யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை. பின்னால் நின்றவர்களிடம் திரும்பி, "தள்ளி நில்லுங்கோ, அவளுக்கு மூச்சு முட்டப்போகுது" என்றாள். தட்டத்தைக் கீழே வைத்துவிட்டு, அதிலிருந்த பூவை மட்டும் அள்ளித் தம்பியின் நெஞ்சில் போட்டாள்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எல்லாம் முடிந்தது. குசினிக்காரர்கள் மெத்ரோவுக்கு ஓடினார்கள்.

ஸ்காபரோவுக்குப் புறப்படுமுன் யோகராசா மேல்வீட்டுப் படியேறி வந்தார். உள்ளே வரவில்லை. பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து, கதவடியில் நின்ற கௌசலாவிடம் நீட்டினார். "உங்கட சாமான்" என்றார். முதல்தரமாக 'உன்ர' என்னாமல் 'உங்கட' என்றார். மன்னிப்பு என்றால் அவ்வளவுதான் வரும் போலிருக்கிறது. அவள் வாங்கிக்கொண்டாள், போயிட்டு வாறன் என்றதற்கு ஓம் என்றாள்.

வீட்டில் ஆளில்லை. கட்டிலை மருத்துவமனைக்காரர் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள், தரையில் அதன் கால்கள் நின்ற தடம் நாலு கிடந்தது. கீழ்வீட்டில் றோஸ்மேரி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. கௌசலா கோட்டைக் கழற்றாமலே குசினி வெளிச்சத்தில் நின்று கடிதத்தைப் பிரித்தாள். மூன்று நாளாக ஒரு மனிதரின் சட்டைப் பையில் கிடந்து, மடிப்பெல்லாம் கறுத்து, ஒரு மூலையில் தேத்தண்ணிக் கறை பிடித்திருந்தது.

பிரெஞ்சு அவளுக்குப் பேச வரும், வாசிக்க அவ்வளவு வராது. ஆனால் பெயர்களை வாசிக்கலாம். தொகையையும் நன்றியையும் தேடிய யோகராசாவின் கண்ணுக்குப் படாதது தாளின் மேலே, விலாசத்துக்கு முதல் வரியில் இருந்தது. நன்கொடை கொடுப்பவர் பெயரை நொத்தாரிசு அம்மா கேட்டபோது அவர் சொல்லியிருக்கவேண்டும். திருவாளர் ஞானேந்திரன், திருமதி கௌசலா ஞானேந்திரன். வரி அலுவலகம், வங்கி, மருத்துவ அட்டை, பன்னிரண்டு வருடத்தில் இந்த நாட்டில் எந்தக் கடதாசியிலும் அவளுக்கு அந்தப் பெயர் வந்ததில்லை.

"தருமத்துக்குத்தான் இதையும் சொல்லியிருக்கிறார்" என்றாள், ஆளில்லாத வீட்டில், சத்தமாக.

பிறகு துணி அழுத்துகிற பலகையை விரித்தாள். ஸ்திரிப்பெட்டியின் சூட்டைப் பட்டுக்கு வைக்கிற அளவுக்குக் குறைத்தாள். கடிதத்தைக் குப்புறப் போட்டு, மேலே ஒரு மெல்லிய துணியை விரித்து, தொழிற்சாலையில் கொலர் அழுத்துவதுபோல் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒவ்வொரு மடிப்பாக அழுத்தத் தொடங்கினாள். குனிந்தபோது தாலிக்கொடி கோட்டுக்குள்ளிருந்து நழுவி வந்து பலகைக்குமேல் தொங்கியது. சூடு படாமல் அதை எடுத்து உள்ளே விட்டுக்கொண்டு, மற்ற மடிப்புக்குப் போனாள்.